யோகமும் மன அமைதியும்

உடம்பை இகழாது உயிர்க்கு உறுதுணையெனப் போற்றியவர் திருமூலர். அவர்தம் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம், இயமம் முதற் சமாதி ஈறாக எட்டு உறுப்புக்களை வகுத்துரைக்கின்றது. ஆசனத்தால் உடல் நிலைபெறும். பிராணாயாமத்தால் மூச்சு ஒழுங்குறும். அதன்வழி மனமும் அடங்கும்.

உடலும் மனமும் இவ்வாறு பிணைந்தன என்பதை மேனாட்டு மருத்துவமும் பின்னர் நாடிற்று. 1979இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜோன் கபாற்-சின் என்பார், பௌத்த தியானத்தோடு மென்மையான யோகாசனங்களை இணைத்து, நாட்பட்ட நோவுற்றோர்க்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். இன்று அது 8 வாரப் பயிற்சியாகப் பல நாடுகளிலும் நடைபெறுகின்றது.

மிஷன் கல்லூரியிற் பயின்ற நாமோ, இச்செய்தியை ஆங்கில நூலிற் கண்ட பின்னரே, வீட்டிலிருந்த திருமந்திரத்தைத் தூசு தட்டி எடுத்தோம். அன்று நாணினோம். பழம்பெருமை பேசுதல் எளிது. பத்து நிமிடம் அசையாதிருத்தல் அரிது. இளைஞர்காள்! நாளை வைகறையில் மூச்சை நோக்கி அமர்வோமாக.