பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட பொது நூலகங்கள்: தொடரும் சேவைகளும் நீங்கள் அறிய வேண்டியவையும்

தொற்றுநோய் பரவும் காலத்தில் பொது நூலகங்கள் மூடப்படுவது, வாசகர்களின் நலனையும் பணியாளர்களின் நலனையும் காப்பதற்கான நடவடிக்கையாகும். எனினும், நூலகத்தின் கதவு மூடப்படுவதால் அதன் சேவை முழுவதும் நின்றுவிடுவதில்லை. 2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 பரவியபோது, பல நாடுகளின் நூலகங்கள் கட்டடத்தை மூடிய பின்னரும் மக்களுக்குத் துணைநின்றன. அவை ஆற்றிய பணிகள் எவை, அவற்றால் பயனடைந்தோர் யார், இரவல் நூல்களை எவ்வாறு கையாள வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

நூலகங்கள் ஏன் மூடப்படுகின்றன?

கோவிட்-19 நோய் முதன்மையாக மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகிறது. நூலகத்தின் வாசிப்புக் கூடம் மூடிய அறையாகும். அங்கு முதியோர், மாணவர், குழந்தைகள் எனப் பல வயதினரும் நீண்ட நேரம் அருகருகே அமர்ந்திருப்பர். இத்தகைய சூழலில் தொற்றுப் பரவும் வாய்ப்பு மிகுதி.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என வரையறுத்தது. மார்ச் 17 அன்று, நூலகங்களைப் பொதுமக்களுக்கு மூடுமாறு அமெரிக்க நூலகச் சங்கம் பரிந்துரைத்தது. அம்மாத இறுதியில் அந்நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில் 2,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் பங்கேற்றன. அவற்றுள் 98 விழுக்காடு நூலகங்கள் மூடப்பட்டிருந்தன.

மூடலால் மிகுதியாகப் பாதிக்கப்படுவோர் யார்?

வீட்டில் கணினியும் இணைய இணைப்பும் உடையவருக்கு நூலகம் பல வசதிகளுள் ஒன்று. அவை இல்லாதவருக்கோ நூலகமே ஒரே வழி. குறிப்பாகப் பின்வருவோர் நூலக மூடலால் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்:

• நாள்தோறும் நாளிதழ் படிக்கவும் பிறரோடு ஓரிரு சொற்கள் பேசவும் நூலகத்திற்கு வரும், தனித்து வாழும் முதியோர்
• இணையவழி வகுப்புகளுக்கு வீட்டில் வசதியற்ற மாணவர்
• வேலைவாய்ப்பு, உதவித்தொகை ஆகியவற்றிற்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியவர்கள்
• பகற்பொழுதில் தங்குவதற்கு வேறிடம் இல்லாத வீடற்றோர்

நோய் குறித்த சரியான தகவல் மிகவும் தேவைப்படுவோரும் பெரும்பாலும் இவர்களே. ஆகவே, மூடிய நூலகம் எத்தனை மின்னூல்களை வழங்கியது என்பதோடு, இவர்களை எவ்வாறு சென்றடைந்தது என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

மூடிய நூலகங்கள் ஆற்றிய சேவைகள்

வீட்டிலிருந்தே வாசிப்பு: மேற்கூறிய ஆய்வில் பங்கேற்ற நூலகங்களுள் 76 விழுக்காடு, நூல்களை இணையவழி புதுப்பிக்கும் விதிகளைத் தளர்த்தின. 74 விழுக்காடு, மின்னூல் முதலிய இணையவழி இரவல் சேவைகளை விரிவுபடுத்தின. 61 விழுக்காடு, கதை நேரம் போன்ற நிகழ்ச்சிகளை இணையத்தில் நடத்தத் தொடங்கின.

சுவருக்கு வெளியே இணையம்: மின்னூலைப் படிக்கக் கருவியும் இணைப்பும் வேண்டும். இதனை உணர்ந்த அமெரிக்க நூலகங்கள் பல, கட்டடம் மூடியிருந்தபோதும் தம் வைஃபை இணைப்பை அணைக்காமல் வைத்திருந்தன. மக்கள் நூலக வாகன நிறுத்துமிடத்தில் இருந்தபடியே அதனைப் பயன்படுத்தினர். இவ்வாறு பொதுமக்களுக்கு வழங்குவதால் நூலகங்களுக்குரிய இணைய மானியம் பாதிக்கப்படாது என, அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2020 மார்ச் 23 அன்று தெளிவுபடுத்தியது.

நலம் விசாரிக்கும் அழைப்புகள்: ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரையொட்டிய யாரா பிளென்டி வட்டார நூலகம், தன் உறுப்பினர் பதிவேட்டிலிருந்து 70 வயதைக் கடந்தோரின் தொலைபேசி எண்களைத் திரட்டியது. ஏறத்தாழ 8,000 பேர் அப்பட்டியலில் இருந்தனர். நூலகப் பணியாளர்கள் அவர்களை அழைத்து நலம் விசாரித்தனர். தேவை என்ன எனக் கேட்டறிந்து, உதவி கிடைக்கும் இடங்களைத் தெரிவித்தனர். இணையம் அறியாத முதியவரும் தொலைபேசி மணி ஒலித்தால் எடுத்துப் பேச இயலும் என்பதே இப்பணியின் சிறப்பு.

உணவும் நோய்த்தடுப்புப் பணியும்: கனடாவின் டொராண்டோ பொது நூலகம், மூடப்பட்ட தன் கிளைகள் சிலவற்றில் உணவு வங்கிகள் இயங்க இடமளித்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், நூலகர்கள் பயிற்சி பெற்று, நோயாளிகளுடன் தொடர்பில் இருந்தோரைக் கண்டறியும் பணியில் ஈடுபட்டனர். பொறுமையாகக் கேட்டல், தகவலைத் தேடித் திரட்டல், தனியுரிமையைக் காத்தல் ஆகிய நூலகப் பயிற்சிகள் அப்பணிக்கு உதவின. மருத்துவப் பணியாளர்களுக்கான முகத்தடுப்புகளைத் தயாரிக்க முப்பரிமாண அச்சுப்பொறிகளைத் தந்துதவிய நூலகங்களும் உண்டு.

இரவல் நூல்கள் வழியாக நோய் பரவுமா?

பெருந்தொற்றின் தொடக்கத்தில் இவ்வினாவிற்குத் தெளிவான விடை இல்லை. ஆகவே, அமெரிக்காவில் நூலக அமைப்புகளும் பேட்டல் ஆய்வு நிறுவனமும் இணைந்து சோதனைகளை மேற்கொண்டன. 2020 ஜூனில் வெளியான முதற்கட்ட முடிவின்படி, தனித்தனியே வைக்கப்பட்ட நூல் அட்டை, மூடிய நூலின் தாள், நெகிழி உறை ஆகியவற்றில் 3 நாள்களுக்குப் பின் உயிர்ப்புள்ள வைரஸ் கண்டறியப்படவில்லை. பின்னர் வெளியான முடிவின்படி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவற்றிலோ 6 நாள்களுக்குப் பின்னரும் அது கண்டறியப்பட்டது. இதனால் திரும்பப் பெற்ற நூல்களைச் சில நாள்கள் ஒதுக்கிவைக்கும் நடைமுறையைப் பல நூலகங்கள் பின்பற்றின.

எனினும், ஒரு பரப்பில் வைரஸ் கண்டறியப்படுவது வேறு. அதனைத் தொடுவதால் நோய் தொற்றுவது வேறு. தூய்மையற்ற பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு, பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் தெரிவித்தது. ஆகவே, கோவிட்-19 குறித்த அச்சத்தால் நீங்கள் நூல்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. நூலைக் கையாண்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது போதுமானது.

தமிழ் வாசகர்களுக்கான மின்னூலகங்கள்

நூலகம் மூடியிருக்கும் காலத்தில், பின்வரும் மின்னூலகங்களை நீங்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்:

• தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்: அரிய நூல்கள், இதழ்கள், சுவடிகள்
• மதுரைத் திட்டம்: 1998 முதல் தன்னார்வலர்களால் தொகுக்கப்பட்டு வரும் தமிழ் இலக்கிய நூல்கள்
• நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம்: 2005 முதல் இயங்கிவரும், இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்களின் தொகுப்பு

நீங்கள் செய்ய வேண்டியவை

• நூலகம் மூடப்பட்டால், இரவல் நூல்களைப் பத்திரமாக வீட்டில் வைத்திருங்கள். திருப்பித் தரும் நாள், தாமதக் கட்டணம் ஆகியவை குறித்து நூலகத்தின் அறிவிப்பைப் பாருங்கள் அல்லது தொலைபேசியில் கேட்டறியுங்கள்.
• உங்கள் தொலைபேசி எண் நூலகப் பதிவேட்டில் சரியாக உள்ளதா என உறுதிசெய்துகொள்ளுங்கள்.
• உங்கள் தெருவில் நாள்தோறும் நூலகம் சென்றுவந்த முதியவர் இருப்பின், அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். படித்து முடித்த நாளிதழையோ நூலையோ அவர் வீட்டு வாயிலில் வைத்து உதவுங்கள்.
• மின்னூலைத் தரவிறக்க அறியாதவருக்குக் கற்றுக்கொடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

• நூல்களின் மீது கிருமிநாசினி தெளிக்க வேண்டாம். தாளும் கட்டமைப்பும் சேதமடையும்.
• நூல்களை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்க வேண்டாம். நூல்களில் ஒட்டப்படும் மின்னணு அடையாளச் சில்லுகளில் உலோகம் இருப்பதால் தீப்பற்றக்கூடும்.
• நோய் அறிகுறி இருக்கும்போது நூலகத்திற்கோ, நூல் வழங்கும் இடத்திற்கோ செல்ல வேண்டாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

நெடுநாள் தனித்திருத்தல் உள்ளத்தையும் உடலையும் பாதிக்கும். உங்களுக்கோ உங்களைச் சார்ந்தவருக்கோ உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ தயங்காது அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் சற்றும் தாமதியாமல் உடனடியாக உதவி நாடுங்கள்.