மாப்பிள்ளையும் மெம்பெலாயும்

கடல் கடந்து சென்ற மனிதன் முதலில் தேடுவது பொருள். அடுத்துத் தேடுவது துணை. இன்றைய இளைஞர் கொரிய நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் உள்ளம் ஈடுபட்டு, அந்நாட்டாரோடு பழகுவதற்குக் கட்டணமில்லாக் கைப்பேசிச் செயலிகளை நாடுகின்றனர். கருவி புதியது, வேட்கை மிகப் பழையது. அயலாரும் உள்நாட்டாரும் ஒருவரையொருவர் அறிந்து மணவுறவு கொண்ட வரலாற்றுக்குச் சான்று தேட, நியாலாஸ் வட்டாரத்து மாணவர் கொரியா வரை செல்ல வேண்டுவதில்லை. தம் மலாக்கா மாநிலத்திலேயே அதனைக் காணலாம்.

கொரியாவிலும் அத்தகைய பழங்கதை ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சம்குக் யூசா’ என்னும் நூல், ஆயுதா நாட்டு இளவரசி கி.பி. 48-இல் கலமேறி வந்து, காயா நாட்டு மன்னன் சூரோவை மணந்தாள் எனக் கூறுகின்றது. ஆயுதா அயோத்தியே என்பாரும், அது தமிழகத்துப் பகுதி என்பாரும் உளர். எதுவும் ஐயமற நிறுவப்படவில்லை. மலாக்காவின் மணவுறவோ கதையன்று. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

1400-ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரனால் நிறுவப்பட்ட மலாக்கா, விரைவில் கீழ்த்திசையின் பெருந்துறைமுகமாயிற்று. 1512 முதல் 1515 வரை அங்கிருந்த போர்த்துக்கீசியரான தோமே பிரெஸ், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் வழங்கியதாக எழுதினார். வெவ்வேறு நாட்டு வணிகர்க்கென நான்கு ‘ஷாபண்டார்’ என்னும் துறைமுக அதிகாரிகள் இருந்தனர். பருவக்காற்றை நம்பிக் கலம் செலுத்திய அக்காலத்தில், வந்த வணிகன் நினைத்தவுடன் திரும்ப இயலாது. காற்று மாறும் வரை திங்கள் கணக்கில் காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருப்பே அயலானை உள்நாட்டாரோடு பழகச் செய்தது.

பழகுமிடம் கடைத்தெருவே. தென்கிழக்காசியத் துறைமுகங்களில் வாங்குதலும் விற்றலும் பெரிதும் பெண்டிர் கையில் இருந்தன. ஊரின் மொழியும் சரக்கின் விலையும் அறிந்த மனைவி, அயல்நாட்டு வணிகனுக்கு இல்லத்துணை மட்டுமல்லள், வாணிகத்துணையும் ஆனாள். சமயமும் இதற்குப் பெருந்தடையாக அமையவில்லை. மலாக்காவில் பிற சமயத்தார் முஸ்லிம் பெண்களை மணப்பதையும், முஸ்லிம்கள் பிற சமயப் பெண்களை மணப்பதையும் அரபு மாலுமி இபின் மஜீத் 15-ஆம் நூற்றாண்டிலேயே குறைகூறிப் பாடியுள்ளார். அவர் பழியாகச் சொன்னது இன்று வரலாற்றுச் சான்றாகப் பயன்படுகின்றது.

இவ்வுறவு அரண்மனையையும் எட்டியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பார் மலாக்காப் பெருங்குடி ஒன்றில் பெண்ணெடுத்தார் என்றும், அவர்தம் மகளைச் சுல்தான் முகம்மது ஷா மணந்தார் என்றும் ‘செஜாரா மெலாயு’ கூறுகின்றது. அம்மகள் பெற்ற இராஜா காசிமே பின்னர்ச் சுல்தான் முசாபர் ஷாவாக அரியணை ஏறினார்.

இந்து வணிகர் வழி வேறாக அமைந்தது. உள்ளூர்ப் பெண்டிரை மணந்து, தம் சமயத்தை விடாது வாழ்ந்த தமிழ் வணிகரின் வழிவந்தோரே மலாக்காச் செட்டிகள். 1511-இல் போர்த்துக்கீசியரும் 1641-இல் டச்சுக்காரரும் நகரைக் கைப்பற்றினர். காலப்போக்கில் வாணிகம் தளர்ந்தது. தாயகத் தொடர்பு தேய்ந்தது. செட்டிகள் பலர் நகரை விட்டுக் காஜா பெராங் பகுதியிற் குடியேறி உழவை மேற்கொண்டனர். ஆயினும் டச்சுக்காரர் அளித்த நிலத்தில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும், 1822-இல் எழுந்த முத்துமாரியம்மன் ஆலயமும் அவர்தம் பற்றினை உணர்த்தி நிற்கின்றன. பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்னும் பட்டப்பெயர்கள் நிலைத்தன. போகியன்று முன்னோர்க்குப் படைக்கும் வழக்கமும் நிலைத்தது. ஆனால் வீட்டுமொழி மலாயாயிற்று. மகளிர் உடை கெபாயா ஆயிற்று.

சமயம் நிலைத்து மொழி மறைந்தது ஏன்? குழந்தை தாயிடமே மொழி கற்கின்றது. தாயின் மொழி மலாய். சந்தையின் மொழியும் மலாய். தந்தையின் சமயத்தைக் காக்க ஆலயம் இருந்தது. தந்தையின் மொழியைக் காக்கப் பள்ளி இல்லை.

இவ்வுண்மையைப் பிற்காலத் தோட்டப்புற வாழ்வோடு ஒப்பிடுதல் தகும். நியாலாஸ் அமைந்துள்ள ஜாசின் மாவட்டத்தில், புக்கிட் அசகானில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டான் சாய் யான் பெருமளவில் இரப்பர் பயிரிட்டார். அதனைத் தொடர்ந்து பரவிய தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆடவர் மட்டுமன்றி மகளிரும் குடும்பங்களும் கங்காணி வழியே வந்தனர். லயத்து வீட்டில் தாய் தமிழ் பேசினாள். தோட்டத்துப் பள்ளி அதற்கு எழுத்தும் ஏடும் தந்தது. அதனால் தமிழ் தழைத்தது. ஆனால் லயத்துக்கு வெளியே வாழ்ந்த பிற இனத்தாரோடு மணவுறவு அரிதாயிற்று. செட்டிகள் உறவை வளர்த்து மொழியை இழந்தனர். தோட்டத்தார் மொழியைக் காத்தனர், உறவின் எல்லையைச் சுருக்கிக்கொண்டனர்.

இருவரில் எவரையும் பழித்தல் முறையன்று. இன்று பிறநாட்டாரை நாடும் இளைஞனைத் தடுப்பதும் ஆசிரியர் பணியன்று. அவன் அமைக்கும் இல்லத்திலும் தமிழுக்கு ஓர் இடம் வேண்டுமெனில், அங்கு எவரோ அதனைப் பேசவும் கற்பிக்கவும் வேண்டும் என்பதை உணர்த்துவதே அப்பணி. விருப்பம் மட்டும் மொழியைக் காப்பதில்லை. நாள்தோறும் வழங்கும் வழக்கமே காக்கும்.

மலாய் மொழியில் மணமகனைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று ‘மெம்பெலாய்’. அது ‘மாப்பிள்ளை’ என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு. கப்பலும் கடையும் வாணிகத்தோடு மலாய்க்குச் சென்ற சொற்கள். மாப்பிள்ளையோ வீட்டுக்குள் நுழைந்த சொல். செட்டிகளின் இல்லத்தில் தமிழ் மறைந்த பின்னும், கடல் கடந்து வந்த மணமகனின் பெயரை மலாய் மொழி மறக்கவில்லை.