களஞ்சியத்தைத் தேடி வந்த பூனை

(வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



மாடு, ஆடு, கோழி என்று இந்த நிகழ்ச்சியில் நிறையப் பேசுகிறோம். பூனையைப் பற்றிப் பேச என்ன இருக்குன்னு நீங்க கேட்கலாம். மாட்டை மனிதன் பிடித்துக் கட்டினான். பூனையை யாரும் பிடித்துக் கட்டவில்லை, அதுவாக வந்தது. எதற்காக வந்தது, எப்படிப்பட்ட உடம்போடு வந்தது என்று தெரிந்துகொண்டால், அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதும் விளங்கிவிடும்.

தானியம் சேர்ந்தது, எலி வந்தது

சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மேற்கு ஆசியாவில், இன்றைய சிரியா, துருக்கி, ஈராக் பக்கங்களில், மக்கள் கோதுமையும் பார்லியும் பயிரிட்டு, விளைந்ததைச் சேர்த்து வைத்தார்கள். தானியம் சேர்ந்த இடத்தில் எலி சேராமல் இருக்குமா? எலி வந்தது. அதன் பின்னாலேயே அந்த வறண்ட நிலத்துக் காட்டுப் பூனையும் ஊர் ஓரத்துக்கு வந்தது. வீட்டுப் பூனை, காட்டுப் பூனை என்று 979 பூனைகளின் மரபணுவைச் சோதித்த விஞ்ஞானிகள், உலகத்து வீட்டுப் பூனைகள் எல்லாம் அந்தக் காட்டுப் பூனையின் வழியில் வந்தவை என்று 2007-ல் சொன்னார்கள்.

சைப்ரஸ் தீவில் கிடைத்த 9,500 ஆண்டுப் பழைய புதைகுழி பற்றி 2004-ல் ஒரு செய்தி வெளிவந்தது. ஒரு மனிதரைப் புதைத்த இடத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது ஒரு முழம்கூட இல்லை, எட்டு மாதப் பூனை ஒன்றையும் புதைத்திருந்தார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. படகில் ஏற்றித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். அது இன்றைய வீட்டுப் பூனை அல்ல, மனிதரோடு பழகிய காட்டுப் பூனை என்று சொல்வதே பொருந்தும்.

சாமியும் ஆச்சு, எருவும் ஆச்சு

நைல் நதிக்கரையில் எகிப்து நாட்டார் பூனையைக் கும்பிட்டார்கள். பாஸ்டெட் என்ற அம்மனுக்குப் பூனைத் தலை. வீட்டுப் பூனை செத்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொண்டு துக்கம் காத்தார்கள் என்று சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர் எழுதினார். அம்மனுக்குக் காணிக்கையாக லட்சக்கணக்கான பூனைகளைத் துணி சுற்றிப் பதப்படுத்தியும் புதைத்தார்கள்.

1888-ல் எகிப்து விவசாயி ஒருவர் நிலத்தைத் தோண்டும்போது அப்படிப்பட்ட புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. 1890-ல் சுமார் 19 டன் எடையுள்ள பூனை உடல்கள் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கப்பலேறி வந்து ஏலம் போயின. ஏறத்தாழ 1,80,000 பூனைகள் என்று கணக்கு. அவற்றை அரைத்து வயலுக்கு எருவாகப் போட்டார்கள். கும்பிட்டதும் மனிதர்தான், எருவாக்கியதும் மனிதர்தான். பூனையின் உடம்புக்கு என்ன வேணும் என்பதைக் கவனித்துப் பார்க்க இன்னும் வெகு காலம் ஆயிற்று.

சோறு போட்டால் எலி பிடிக்காதா?

‘பூனைக்குச் சோறு போட்டால் எலி பிடிக்காது’ என்று நம்ம பக்கம் சொல்வார்கள். இங்கிலாந்தில் சார்ல்ஸ் எல்ட்டன் என்ற விஞ்ஞானி பண்ணைகளில் பூனைகளைக் கவனித்து 1953-ல் எழுதினார். எலி பெருகிக் கிடக்கும் பண்ணையைப் பூனையால் சுத்தப்படுத்த முடியவில்லை. ஆனால் முதலில் எலிகளை வேறு வழியில் ஒழித்துவிட்டால், மறுபடியும் உள்ளே வராமல் பூனைகள் பார்த்துக்கொண்டன. அப்படிக் காவல் இருக்க அவற்றுக்கு வீட்டில் தினமும் ஆகாரம் வைக்க வேண்டியிருந்தது. வயிறு காய்ந்த பூனை ஊர் சுற்றப் போய்விடும். வயிறு நிறைந்த பூனை களஞ்சியத்தருகே படுத்துக் கிடக்கும். வேட்டை அதன் பிறவிக் குணம். பசி இல்லாவிட்டாலும் எலியைக் கண்டால் பாயும்.

வானத்திலிருந்து இறங்கிய பூனைகள்

போர்னியோ தீவில் மலேரியாக் கொசுவை ஒழிக்க 1950-களில் வீடுகளுக்குள் டி.டி.டி. போன்ற மருந்துகளைத் தெளித்தார்கள். மருந்து அடித்த ஊர்களில் பூனைகள் செத்தன. காரணம் என்னன்னா, பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும். மயிரில் ஒட்டியது எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

அதே தீவில், சரவாக் மலைநாட்டில் பாரியோ என்ற ஊர். நெல் விளையும் ஊர். பயிரை எலி அழிக்கிறது என்று 1960 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானப் படையின் விமானம் 20-க்கும் மேற்பட்ட பூனைகளைக் கூடையில் வைத்து பாரசூட்டில் இறக்கியது. பூனை இல்லாத ஊரின் பாடு அப்படி!

தயிர்ச்சோறு போதாது

1975-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. நாயின் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் தேவையான அளவு செய்ய முடியாது. அது கிடைக்காத பூனைக்குக் கண் பார்வை போகிறது. இதயமும் வீங்கிப் பலம் இழக்கிறது என்று 1987-ல் தெரிந்தது. பாலும் தயிர்ச்சோறும் மட்டும் தின்னும் பூனை பிழைத்திருக்கிறது என்றால், வெளியில் எலியும் பல்லியும் பிடித்துத் தின்பதால்தான். ஆயிரம் ஆயிரம் ஆண்டு நம்மோடு இருந்தும், அதன் உடம்பு இன்னும் அந்த வறண்ட நிலத்து வேட்டை உடம்புதான்.

நாம் செய்ய வேண்டியது

மீன் வாங்கும்போது தலையை உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்க. மீன் குழம்பை ஊற்ற வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். வறண்ட நிலத்துப் பிராணி ஆனதால் தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும். ஆகவே நிழலில் ஒரு சட்டி சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கணும். கடுவன் பூனை சிறுநீர் போக உட்கார்ந்து உட்கார்ந்து முக்கினால் அது அடைப்பு. மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

மண்ணைத் தோண்டி மலம் மூடுவது அதன் பழக்கம். பழைய தட்டில் மணல் போட்டு மூலையில் வையுங்க, வீடு நாறாது. படுக்க, உயரமான இடத்தில் ஒரு கூடையும் பழைய சாக்கும் போதும்.

மருந்து தெளிக்கிற நாளில் பூனையை ஓர் அறையில் அடைத்து வையுங்க. கைத்தெளிப்பானைக் கழுவிய தண்ணீர் அதன் மேல் படக் கூடாது. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு விஷம். மனிதருக்கான பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

எலி மருந்து வைத்தால், செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதையுங்க. புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடித் திரியும். அதைத் தின்ற பூனைக்கும் சில நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியும். சோர்ந்து படுத்தாலோ, ஈறில் ரத்தம் கண்டாலோ, உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்க. வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, டாக்டர் சொல்கிறபடி திரும்பவும் போடணும். பூனை கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

நம்ம தானியத்தை நம்பி வந்த பிராணி இது. அந்தத் தானியத்தைக் காக்க நாம் வைக்கிற விஷத்திலேயே அது சாகக் கூடாது. அவ்வளவுதான் சொல்ல வந்தது.