ஒரே பட்டனில் சாஃப்ட்வேர் ரிலீஸ்: வசதியா, ஆபத்தா? ஐ.டி. துறையின் ஆட்டோமேஷன் பற்றி எளிய விளக்கம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே சென்னை விமான நிலையம். அன்று அங்கே செக்-இன் கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஊழியர்கள் பேனாவை எடுத்து, போர்டிங் பாஸை கையாலேயே எழுதிக் கொடுத்தார்கள்.

இது ஹேக்கர்களின் வேலை அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட்தான் காரணம். உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றுவிட்டன.

ஒரு அப்டேட் எப்படி இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? அதை அனுப்பும் வேலையை மனிதர்கள் செய்யாமல் புரோகிராமே செய்வது ஏன்?

தினமும் செய்யும் ஒரே வேலை

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் வளாகமோ, சிறுசேரி சிப்காட்டோ, கூடுவாஞ்சேரி பக்கமோ, ஐ.டி. வேலை என்றால் நாள் முழுக்க கோடு எழுதுவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதைச் சுற்றி நிறைய எடுபிடி வேலைகளும் உண்டு.

புது புராஜெக்ட் தொடங்கும்போது ஃபோல்டர்களை உருவாக்க வேண்டும். லைப்ரரிகளை இறக்க வேண்டும். டெஸ்ட் செட்டிங் போட வேண்டும். யாருக்கு என்ன அனுமதி என்று முடிவு செய்ய வேண்டும்.

ரிலீஸ் நாளில் வேறு பட்டியல். டெஸ்ட் ஓட்டணும், வெர்ஷன் நம்பரை மாத்தணும், என்னென்ன மாறியது என்று குறிப்பு எழுதணும், பேக்கேஜ் தயாரிக்கணும், சர்வரில் ஏத்தணும். ஒவ்வொரு முறையும் இதே வரிசைதான். இதில் ஒன்றை மறந்தாலும் சிக்கல்.

மறந்தால் என்ன ஆகும்?

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புது சாஃப்ட்வேரை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. அதைக் கையால் செய்த ஊழியர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கும் நடைமுறையும் இல்லை. சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் இருந்த பழைய கோடு கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம்.

இந்த மாதிரி மறதியைத் தடுக்கத்தான் ஆட்டோமேஷன்.

எப்படி வேலை செய்கிறது?

முதல் படி, டெம்ப்ளேட். குக்கீகட்டர் போன்ற கருவியிடம் புராஜெக்ட் பெயரைச் சொன்னால் போதும், ஃபோல்டர், டெஸ்ட், செட்டிங் எல்லாம் தயார். இட்லித் தட்டு மாதிரி, குழி ஏற்கெனவே இருக்கிறது. நாம் மாவு ஊற்றினால் போதும்.

இரண்டாவது, பைப்லைன். சிஐ/சிடி என்று ஐ.டி. நண்பர்கள் சொல்வது இதைத்தான். ஒருவர் கோடை மாற்றிச் சேமித்ததும் டெஸ்ட்கள் தானாக ஓடும். ஒன்று தோற்றாலும் ரிலீஸ் அங்கேயே நிற்கும். எல்லாம் பாஸ் ஆனால் பேக்கேஜ் தயாராகி சர்வருக்குப் போகும். ஜென்கின்ஸ், கிட்லேப், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் ஆகியவை இதற்குப் பிரபலமான கருவிகள்.

வெர்ஷன் நம்பருக்கும் விதி உண்டு. 2.4.1 என்றால், கடைசி எண் பிழை திருத்தத்துக்கு. நடு எண் புது வசதிக்கு. முதல் எண் மாறினால், பழையதோடு ஒத்துப்போகாத பெரிய மாற்றம் என்று அர்த்தம்.

அப்புறம் ஏன் ஏர்போர்ட் முடங்கியது?

கிரவுட்ஸ்ட்ரைக்கிலும் தானியங்கி சோதனை இருந்தது. ஆனால் அந்தச் சோதனை புரோகிராமிலேயே ஒரு பிழை. கோளாறான ஃபைலை 'சரி' என்று அனுப்பிவிட்டது. அதுவும் படிப்படியாகப் போகாமல், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

இந்திய நேரப்படி காலை 9.39-க்குப் போன அப்டேட்டை 10.57-க்கு நிறுவனம் திரும்பப் பெற்றது. அந்த 78 நிமிடமே போதுமானதாக இருந்தது. அனுப்பியது ஆட்டோமேட்டிக். ஆனால் முடங்கிய பல கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை மனிதர்கள்தான் கையால் நீக்க வேண்டியிருந்தது.

ஆக, கையால் செய்தால் மறதி ஆபத்து. ஆட்டோமேஷனில் தப்பும் அதே வேகத்தில் பரவும் ஆபத்து.

தீர்வு என்ன?

கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவது. ஆப்பிள் ஆப் ஸ்டோரில் 7 நாள் திட்டம் உண்டு. தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களில் முதல் நாள் 1 சதவீதம் பேருக்கு, பிறகு 2, 5, 10, 20, 50 என்று போய் 7-வது நாளில் 100 சதவீதம். நடுவில் புகார் வந்தால் நிறுத்தலாம். கூகுள் பிளேயிலும் இதே போன்ற வசதி இருக்கிறது. நண்பர் போனில் வந்த புது வசதி உங்களுக்கு இன்னும் வரவில்லையா? பெரும்பாலும் காரணம் இதுதான்.

பழைய வெர்ஷனுக்கு உடனே திரும்பும் 'ரோல்பேக்' வசதியும் தயாராக இருக்க வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிரவுட்ஸ்ட்ரைக்கும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறுவதாக அறிவித்தது.

வேலை தேடுபவர்களுக்கு

ஆட்டோமேஷன் வந்தால் ஃப்ரெஷர் வேலை போய்விடுமா என்ற பயம் நியாயமானதே. ஃபைலை காப்பி செய்யும் வேலை குறையும். ஆனால் எதைச் சோதிக்கணும், எப்போது நிறுத்தணும் என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். டெவ்ஆப்ஸ் என்ற தனிப் பிரிவே அதற்கு இருக்கிறது.

* லினக்ஸ், கிட் இரண்டையும் முதலில் பழகுங்கள்.
* கல்லூரி புராஜெக்ட்டுக்கே ஒரு பைப்லைன் போட்டுப் பாருங்கள். பொதுவில் திறந்து வைத்த புராஜெக்ட்டுக்கு கிட்ஹப் ஆக்ஷன்ஸ் இலவசம்.
* ஒரே வேலையை மூன்றாவது முறை செய்தால், அதற்கு ஸ்கிரிப்ட் எழுதுங்கள்.
* பாஸ்வேர்டு, ரகசிய கீ எதையும் கோடில் எழுதாதீர்கள். அதற்கென உள்ள தனிப் பெட்டகத்தில் வையுங்கள்.

போன் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. இதைப் படித்துவிட்டு அப்டேட்டை ஆஃப் செய்துவிட வேண்டாம். புது வசதிகளுக்கு நாலு நாள் காத்திருக்கலாம், தப்பில்லை. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.