கடல் கடந்து மீண்ட பாட்டு

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடியதை ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் அமெரிக்கர் கண்டனர். அவ்வாண்டில் தொடங்கிய இசையலையைப் ‘பிரித்தானியப் படையெடுப்பு’ என்பர். அச்சொல் எனக்கு உடன்பாடன்று. வந்தவர்கள் கொணர்ந்த சரக்கில் பெரும்பகுதி அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது. லிவர்பூல், இலண்டன் இளைஞர்கள் சக் பெர்ரியையும் மடி வாட்டர்ஸையும் இசைத்தட்டுகளின் வழியே பயின்றவர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் தம் பெயரையே மடி வாட்டர்ஸின் பாடலொன்றிலிருந்து எடுத்துக்கொண்டனர். 1965 மே மாதம் ‘ஷிண்டிக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட அழைக்கப்பட்டபோது, ஹௌலின் வுல்ஃபும் உடன் பாட வேண்டுமென வற்புறுத்தினர். 54 வயதான அந்தப் புளூஸ் பாடகர் பாட, அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். தம் நாட்டுப் பாணரை வெள்ளை அமெரிக்கர் பலர் அயலார் வாயிலாகவே அறிந்தனர்!

அமெரிக்கக் குழுக்களின் மறுமொழி வேறு வகையினது. ஜார்ஜ் ஹாரிசன் திரைப்படத்தில் மீட்டிய பன்னிரு தந்திக் கிதாரைக் கண்ட பேர்ட்ஸ் குழுவின் மெக்குவின், 1965-இல் பாப் டிலனின் பாடலை அத்தகைய கிதாரில் இசைத்தார். ‘ரப்பர் சோல்’ கேட்டு வியந்த பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் 1966-இல் ‘பெட் சவுண்ட்ஸ்’ படைத்தார். அதுவே மறு ஆண்டில் ‘சார்ஜன்ட் பெப்பர்’ பிறக்கத் தூண்டுகோலாயிற்று.

சியாட்டிலில் பிறந்த கறுப்பினக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸோ புகழ் பெற 1966-இல் இலண்டன் செல்ல நேர்ந்தது. இரு ஆங்கிலேயரைத் துணைக்கொண்டு 1967 ஜூனில் மாண்டரே விழாவில் இசைத்த பின்னரே தாய்நாடு அவரை அறிந்தது.