ஊசி முனையில் ஒரு பூச்சி

பாரீஸ் நகரம். செயின்ட் லூயி மருத்துவமனை. 1834-ம் வருடம், ஆகஸ்ட் 13. சிரங்கு வந்த ஒரு பெண் கையை நீட்டுகிறாள். ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர் அந்தக் கையில் ஊசி முனையை மெல்ல நுழைத்து எடுக்கிறார். முனையில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெள்ளையாக ஒரு புள்ளி. உற்றுப் பார்த்தால்... அட, நகர்கிறது!

சிரங்கில் பூச்சி இருக்கிறதா, இல்லையா? ஐரோப்பிய டாக்டர்கள் 147 வருடங்களாக அடித்துக்கொண்ட சண்டை, அந்த ஊசி முனையில் முடிவுக்கு வந்தது.

இத்தனைக்கும் ரெனூச்சி பெரிய மேதை ஒன்றும் இல்லை. கார்சிகாக்காரர் (ஆமாம், நெப்போலியன் பிறந்த அதே தீவுதான்!). அங்கே ஏழைப் பெண்கள் ஊசியும் கையுமாகச் சிரங்குப் பூச்சியை எடுப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். அதைத்தான் பாரீஸில் செய்து காட்டினார். அவ்வளவுதான் விஷயம்!

அதென்ன 147 வருடக் கணக்கு? அதற்கு நாம் இத்தாலிக்குப் போக வேண்டும்.

லிவோர்னோ என்கிற துறைமுக ஊர். அங்கே போனோமோ என்ற இளம் டாக்டர், செஸ்தோனி என்ற மருந்துக்கடைக்காரர், இருவரும் கூட்டாளிகள். ஏழைத் தாய்மார்கள் சிரங்கு பிடித்த குழந்தைகளின் தோலிலிருந்து ஊசியால் எதையோ எடுத்து, நாம் பேனை நசுக்குவோமே, அதேபோல நகத்தில் வைத்து நசுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டார்கள். துறைமுகத்தில் அடைபட்டுக் கிடந்த அடிமைகளும் ஒருவருக்கொருவர் இப்படிச் செய்துகொண்டார்கள். படித்த வைத்தியர்கள் யாரும் இதைச் சட்டை செய்யவில்லை. இந்த இருவரும் செய்தார்கள். ஒரு சிரங்கு நோயாளியைக் கூப்பிட்டு, ‘எங்கேப்பா ரொம்ப அரிக்குது?’ என்று கேட்டு, அந்த இடத்திலிருந்து எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். ஆமை மாதிரி உருவத்தில் ஒரு குட்டிப் பிராணி! முட்டை போடுவதையும் பார்த்துவிட்டார்கள்.

1687 ஜூலையில், பிரபல விஞ்ஞானி ரெடிக்கு போனோமோ கடிதம் எழுதினார். ‘சிரங்குக்குக் காரணம் ரத்தத்தில் சேரும் கெட்ட நீர் அல்ல, இந்தப் பூச்சிதான். அதனால்தான் உள்ளுக்கு என்ன மருந்து கொடுத்தாலும் கேட்பதில்லை, மேலே களிம்பு தடவினால் கேட்கிறது. பூச்சி செத்தாலும் முட்டை தப்பிவிடும், அதனால்தான் திரும்ப வருகிறது’ என்பது அதன் சாரம். இன்றைய தோல் டாக்டர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். மனித நோய் ஒன்றுக்குக் காரணமான உயிரியைக் கண்ணால் பார்த்து, அடையாளம் சொன்ன முதல் சந்தர்ப்பம் அதுதான் என்கிறார்கள்.

உலகம் கொண்டாடியிருக்க வேண்டாமா? ம்ஹூம்! போப்பாண்டவரின் வைத்தியர் லான்சிசி இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. போனோமோ அதற்குமேல் மல்லுக்கு நிற்கவில்லை. டாக்டர்கள் பழையபடி பேதிக்குக் கொடுப்பதிலும் ரத்தத்தை வெளியேற்றுவதிலும் இறங்கிவிட்டார்கள்.

நடுவே ஒரு கூத்தும் நடந்தது. 1812-ல் கலே என்பவர், ‘இதோ பூச்சி!’ என்று அதே செயின்ட் லூயி மருத்துவமனையில் படம் வரைந்து பட்டமே வாங்கிவிட்டார். பிறகு மற்றவர்கள் தேடினால் பூச்சியைக் காணோம். 1829-ல் ராஸ்பாய் என்ற விஞ்ஞானி குட்டை உடைத்தார். கலே வரைந்தது பாலாடைக்கட்டியில் ஊரும் பூச்சியாம்!

மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? எல்லோரும் கொப்புளத்துக்குள் தேடினார்கள். பூச்சி அங்கே இருப்பதில்லை. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் நெளிநெளியாக மெல்லிய கோடு. அந்தக் கோட்டின் கடைசி முனையில்தான் அம்மணி இருப்பார். நீளம் அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. படிக்காத தாய்மார்களுக்கு இந்த விலாசம் தெரியும். டாக்டர்களுக்குத் தெரியவில்லை!

அடுத்த பாடம் இரண்டாம் உலகப் போரின்போது கிடைத்தது. பிரிட்டிஷ் சிப்பாய்களிடையே சிரங்கு. போர்வையில் பரவுகிறது என்று நினைத்துப் போர்வைகளையெல்லாம் அடுப்பில் வாட்டினார்கள். 1941-ல் ஷெஃபீல்டு நகரில் மெல்லன்பி என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மறுத்த சில இளைஞர்களை வைத்து ஆராய்ந்தார். சிரங்கு சிப்பாய்கள் மூடிய போர்வையில் வெற்றுடம்போடு படுத்தார்கள். ஊஹூம், அநேகமாக யாருக்கும் ஒட்டவில்லை! உடம்போடு உடம்பு நெருக்கமாகப் பழகும்போதுதான் தொற்றியது. ஒரு நோயாளியின் உடம்பில் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு பூச்சிகள்தான். இன்னொரு விஷயம், முதல் தடவை தொற்றினால் சில வாரங்களுக்கு அரிப்பே தெரியாது. அதற்குள் அந்த ஆசாமி வீடு முழுக்கப் பரப்பியிருப்பார்!

சிரங்கை ‘அழுக்குப் பசங்க நோய்’ என்று கேவலமாகப் பேசுவது தப்பு என்பதும் இதிலிருந்து புரியும். தினம் இரண்டு வேளை குளிப்பவருக்கும் வரும். நெருக்கடியான வீடு, ஹாஸ்டல், ஒரே பாயில் நாலு குழந்தைகள்... பூச்சிக்கு இது போதும். சொறிந்த புண்ணில் கிருமி புகுந்தால் சிறுநீரகம் வரை போய்த் தாக்கலாம், விளையாட்டல்ல. 2017-ல் உலக சுகாதார நிறுவனமே, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சிரங்கைச் சேர்த்தது. ஃபிஜியில் ஊர் முழுக்க எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு, ஒரே வருடத்தில் இரண்டு பேருக்கும் கீழே இறங்கிவிட்டது. 2015-ல் வெளியான ஆய்வு இது.

ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு, மறைவிடம் என்று பொரிப்பொரியாக இருக்கிறதா? வீட்டில் இன்னொருவரும் சொறிகிறாரா? டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் பெர்மெத்ரின் க்ரீம் எழுதித் தருவார். கழுத்திலிருந்து பாதம் வரை ஓர் இடம் விடாமல் ராத்திரி தடவி, காலையில் குளிக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தலையிலும் தடவச் சொல்வார்கள். தப்பிய முட்டைகளுக்காக ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணிகளை வெந்நீரில் அலசுங்கள். அதன் பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். பயந்துபோய் தினமும் க்ரீமை அப்ப வேண்டாம்.

முக்கியமான விஷயம், அரிக்கிறதோ இல்லையோ, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். ‘எனக்குத்தான் ஒண்ணுமில்லையே’ என்று ஒருவர் ஒதுங்கினாலும் போச்சு. அவரிடம் தங்கிய பூச்சி, அடுத்த மாதமே குடும்பத்தோடு திரும்பி வந்துவிடும்!