கால் எரிச்சலுக்குக் காரணம் என்ன? எண்ணெயும் தண்ணீரும் கொல்கத்தாவுக்குக் கற்பித்தவை

கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியான பெஹாலாவில், 1988ஆம் ஆண்டு, பலருக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் கெண்டைக்கால் வலியும் பாத மரப்பும் தோன்றின. தொடர்ந்து கால்கள் வலுவிழந்து, பாதத்தைத் தூக்கி வைத்து நடக்க முடியாத நிலை ஏற்பட்டது. 600க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்கள் சமையலுக்குப் பயன்படுத்திய எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்திருந்ததே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது.

இந்த நச்சு உடலில் சேர்ந்து ஓரிரு வாரங்கள் கழிந்த பின்னரே நரம்புகளைத் தாக்குகிறது. அதற்குள் என்ன உண்டோம் என்பதே பலருக்கு மறந்துவிடும். 1930இல் அமெரிக்காவிலும் 1959இல் மொராக்கோவிலும் இதே பொருளால் ஆயிரக்கணக்கானோர் முடங்கினர்.

மூளை, தண்டுவடம் ஆகியவற்றுக்கு வெளியே உடலெங்கும் பரவியுள்ள நரம்புகள் பழுதடைவதே புற நரம்பு நோய். நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால், பெரும்பாலும் கால்விரல்களில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தொடங்கி மேல்நோக்கிப் பரவுகின்றன. ஆனால் இப்பெயர் பாதிப்பைத்தான் குறிக்கிறது, அதன் காரணத்தை அன்று. மருத்துவச் சீட்டில் இந்தப் பெயர் எழுதப்பட்டதுடன் பலருடைய தேடல் நின்றுவிடுவதுதான் சிக்கல்.

மேற்கு வங்கத்தில் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி குடிநீர் பற்றியது. 1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி.சாஹா, மாநிலத்தில் ஆர்சனிக் நச்சு பாதிப்பை முதன்முதலில் கண்டறிந்தார். தோலில் மழைத்துளி போன்ற புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். கை, கால்களில் உணர்விழப்பும் எரிச்சலும் ஏற்படலாம். முர்ஷிதாபாத், நாடியா, மால்டா, 24 பர்கனாக்கள் உள்ளிட்ட மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் இந்நச்சு காணப்படுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே ஏற்கத்தக்க வரம்பு. நீரைக் கொதிக்க வைப்பதால் ஆர்சனிக் நீங்காது. அண்மையில் உடலில் சேர்ந்த ஆர்சனிக்கைச் சிறுநீர்ப் பரிசோதனையும், பல மாதங்களுக்கு முன் சேர்ந்ததை முடி, நகப் பரிசோதனையும் காட்டும்.

இருப்பினும், பெரும்பாலானோர் முதலில் ஐயுற வேண்டியது நீரிழிவையே. வைட்டமின் பி12 குறைபாடு, மது, தைராய்டு மற்றும் சிறுநீரகக் கோளாறுகள், சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்கான ஐசோனியசிட் ஆகியவையும் காரணமாகலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நீண்டகாலம் உட்கொள்வோருக்கு பி12 குறையக்கூடும். எனவே, 'சர்க்கரைதான் காரணம்' என்று முடிவு செய்யும் முன் அதையும் அளப்பது நல்லது. ஒரு நரம்பு தடித்து, தோலில் உணர்வற்ற தேமல் இருந்தால் தொழுநோய்க்கான பரிசோதனை அவசியம். அது குணப்படுத்தக்கூடியது; தாமதித்தால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும்.

நரம்புக் கடத்தல் சோதனை பெரிய நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. அதன் முடிவு இயல்பாக இருந்தும் எரிச்சல் தொடர்ந்தால், அதை மனப்பிரமை என ஒதுக்கலாகாது. சிறு நரம்பிழைப் பாதிப்பைத் தோல் திசுப் பரிசோதனை காட்டக்கூடும். எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் சிலருக்குக் காரணம் புலப்படுவதில்லை. அவர்களுக்கும் டுலோக்செட்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகளால் வலியைத் தணிக்க முடியும். உணர்விழந்த பாதத்தில் காயம் தெரியாமல் போகும் என்பதால், நாள்தோறும் பாதங்களைப் பார்ப்பதும் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்ப்பதும் தேவை.

மருத்துவரிடம் செல்லும்போது அறிகுறி தொடங்கிய நாள், அதற்கு முந்தைய வாரங்களில் மாற்றிய எண்ணெய், உட்கொண்ட நாட்டு மருந்துகள் உட்பட அனைத்து மருந்துகள், குடிநீர் வரும் இடம், செய்யும் தொழில் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். சில நாள்களிலேயே பலவீனம் கால்களிலிருந்து மேலேறினாலோ, மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் ஏற்பட்டாலோ, அது குய்லின்-பாரே பாதிப்பாக இருக்கலாம். அந்நிலையில் வெளிநோயாளர் வரிசையில் காத்திராமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.